கோத்தகிரியில் பார்த்த வண்டி

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு வேண்டாம். ரோட்டுப் பக்கம் உக்காந்தா கண்ணு தானா வண்டிகளைப் பார்க்கப் போயிரும். பானெட்டு ஒரிஜினலா, பம்பர் மாத்துனதா, எத்தனை கை மாறியிருக்கும்னு மனசு ஓட ஆரம்பிச்சுரும். அந்தக் கருமம் எனக்கு இனி வேண்டாம். தாராபுரந்தானுங்களே நீங்களும்? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். மச்சினன் பேத்திக்குக் காதுகுத்து.

என்னைப் பார்த்தா பஸ்ல போற ஆளு மாதிரியா தெரியுதுங்க? கோவிச்சுக்காதீங்க, பஸ்ல போறதைக் கொறையாச் சொல்லல. என் பேரு குழந்தைவேலு. ஈரோட்டுல பவர்லூம் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன். என் வீட்டுல ஒரு ஜெர்மன்காரன் வண்டி இருக்குது. ஆறு சிலிண்டர். பெடலை அமுத்துனா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். அந்த வண்டி இப்ப நமக்கு முன்னாடி காங்கயத்தைத் தாண்டிப் போயிருக்கும். நான் இங்க உங்க பக்கத்துல உக்காந்துட்டு இருக்கேன். எப்படின்னு கேளுங்க. கேட்டா உங்களுக்கும் சீன்னு ஆயிரும்.

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி, நம்ம கடையில ரொம்ப நாளா வாடிக்கை. ஒருநாள் மழைக்கு என்னை அவரோட இதே மாதிரி வண்டியில ஏத்திட்டு வந்தாரு. அவிநாசி ரோட்டுல ஒரு லாரியைத் தாண்டறதுக்கு ஒரே ஒரு அமுத்து. அவ்வளவுதான். வயித்துக்குள்ள என்னமோ ஒண்ணு பின்னாடி போயிட்டு வந்துச்சு. ஐம்பத்து மூணு வயசுல சொல்றேன், அந்த மாதிரி ஒரு சந்தோசத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லைங்க. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுல சொன்னேன், வளர்மதி, நாமும் ஒண்ணு எடுக்கறோம்னு. புதுசு நமக்கு எட்டாது. பழசுல நல்லதா ஒண்ணு. "எடுங்க"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், எதுக்கும் ரெண்டு வார்த்தை பேசமாட்டா. பாவம், அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அன்னையிலிருந்து ஆரம்பிச்சது இந்த அசிங்கம்.

தம்பி, பழைய வண்டி விக்கிறவன் மாதிரி ஒரு ஈனப்பய உலகத்துல கிடையாது. நான் எல்லாத்தையும் படிச்சேன். யூடியூப்ல ஒண்ணு விடாம பார்த்தேன். பெயின்ட் எத்தனை கனம் இருக்குன்னு பார்க்கற மீட்டரு ஒண்ணு வாங்குனேன். ஸ்டியரிங்குக்கு அடியில சொருகுனா வண்டியோட வியாதியெல்லாம் சொல்ற ஸ்கேனர் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வளர்மதிகிட்ட குடுத்துருவேன். அவ துணைக்கு வருவா. ஞாயித்துக்கிழமையானா எங்க சின்ன வண்டியை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கெளம்பிருவோம். நான் ஓட்டுவேன், அவ பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வண்டியை எடுத்தா நடுவுல நிறுத்தற பழக்கம் எனக்குக் கிடையாது. சேலம் தாண்டி அவ ஏதாவது ஒரு ஓட்டல் பக்கம் நிறுத்தச் சொல்லுவா. தொப்பூர் போயிறலாம், தொப்பூர் போயிறலாம்னு சொல்லிச் சொல்லியே கிருஷ்ணகிரி வந்துரும். நேரத்துக்குப் போய்ச் சேரணுமில்லைங்க.

மொதல்ல மெட்ராசு. போன்ல சொன்னான், "சார், சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி"ன்னு. எல்லாப் புரோக்கரும் அதைத்தான் சொல்றான். தமிழ்நாட்டுல டாக்டருங்க எல்லாம் ஊசி போடறதை விட்டுட்டு வண்டிதான் வாங்கி வித்துக்கிட்டு இருக்காங்க போல. போய்ப் பார்த்தா, வெள்ளை வண்டி, பாலீசு போட்டுப் பளபளன்னு நிக்குது. உள்ளே சென்ட்டு வாடை மூக்கைத் துளைக்குது. நான் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துட்டு இருந்தேன், ஒரு வியாதியும் காட்டல. வளர்மதி பின்சீட்டுல உக்காந்து பெல்ட்டை இழுத்தா. அவளுக்குப் போடத் தெரியாம கடைசி வரைக்கும் இழுத்துட்டா. இழுத்துட்டு, "ஏனுங்க, இதைப் பாருங்க"ன்னா. பெல்ட்டோட அடிப்பக்கம் முழுசும் காஞ்ச சேறு. வெள்ளத்துல முங்குன வண்டிங்க அது. சீட்டு மட்டத்துக்குத் தண்ணி நின்னுருக்கு. நான் அந்த பெல்ட்டைப் பிடிச்சுக் காட்டி அந்தப் புரோக்கரை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் கொஞ்சங்கூட வெக்கப்படாம, "சார் விவரமான ஆளு"ன்னு சிரிக்கிறான். இதே மாதிரி பெல்ட்டை இழுத்துப் பார்க்கணும்னு நான் அப்புறம் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுங்களா? நீங்களும் ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் பெங்களூரு. இது கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கற பையன். நம்ம மொழி பேசற பையந்தான், கரூர்ப் பக்கம். கால்ல செருப்புகூட இல்லாம அரை டவுசரோட வந்து வண்டியைக் காட்டுறான். சைலன்சரைக் கழட்டிட்டு வேற மாட்டியிருக்கான். ஸ்டார்ட் பண்ணுனா அந்த வீதியில இருந்த நாயெல்லாம் குலைக்குது. "அங்கிள், கம்ப்யூட்டர்ல ட்யூன் பண்ணியிருக்கேன், பவரு கூட"ங்கறான். நான் பவருக்குத்தானே அலையறேன், எனக்கு மனசு கொஞ்சம் ஆடிருச்சு. வாங்கிரலாம்னு வளர்மதிகிட்ட சொன்னேன். அவ, "மெட்ராஸ் வண்டியில சாவி போட்டதும் பலூனு வச்ச ஆளு படம் ஒண்ணு செவப்பா எரிஞ்சு அணைஞ்சுதுங்களே, இதுல அதைக் காணோம்"ன்னா. நான் அவ சொல்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்னு வையுங்க. ஏர்பேக் லைட்டு அது. வண்டி எங்கயோ மோதி, ஏர்பேக் வெடிச்சு, புதுசு போடாம அந்த லைட்டைக் கழட்டிட்டு விக்கறான் அந்தப் பையன். நாளைக்கு ஒருத்தன் குடும்பத்தோட உக்காந்து போவான், மோதுனா மூஞ்சி கண்ணாடியில போய் அடிக்கும். இதைத் தெரிஞ்சே விக்கறான். அரை டவுசர் போட்டுக்கிட்டு, அங்கிள் டீ சாப்பிடறீங்களாங்கறான். அவன் கையால தண்ணி குடிக்கக்கூட எனக்குக் கொமட்டிருச்சு.

சொல்லிக்கிட்டே போகலாம். ஓடுன கிலோமீட்டரைக் கொறைச்சுத் திருப்பி வச்சவன், ரெண்டு வண்டியை வெட்டி ஒண்ணா ஒட்டுனவன், அண்ணன் பேர்ல இருக்கற வண்டியை அண்ணனுக்கே தெரியாம விக்க வந்தவன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ராத்திரி வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளிச்சாலும் அந்தப் பயலுகளோட பேச்சு மேல ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கும். மனுசன்னா வாயில ஒரு உண்மை வேண்டாமுங்களா?

இதுக்கு நடுவுல ஒருநாள் வளர்மதி சொன்னா. அவகூட தாராபுரத்துல படிச்ச கலையரசின்னு ஒருத்தி கோத்தகிரியில நர்சு. அவ வேலை பார்க்கற ஆசுபத்திரியில இருந்து ரிட்டயர் ஆன டாக்டரம்மா ஒருத்தங்க நான் தேடற அதே வண்டியை விக்கறாங்களாம். நான் சிரிச்சேன். டாக்டர் வண்டின்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போயிருச்சு. அதுவும் பொம்பளை ஓட்டுன வண்டி. மலையில ஓட்டுனது, பிரேக்கு தேஞ்சு கிடக்கும். வேண்டாம்னேன். "சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாமுங்க, கலையரசியையும் பார்த்த மாதிரி இருக்கும்"ன்னா. சரி, அவளும் பாவம் எத்தனை ஞாயித்துக்கிழமை பையைத் தூக்கிட்டு வந்திருக்கா, ஒரு நாள் அவ இஷ்டத்துக்குப் போவோம்னு கெளம்புனேன். என் பெரிய மனசு எனக்கே வினையா முடிஞ்சுது.

மேட்டுப்பாளையத்துல இட்லி சாப்பிட்டோம். அந்த இட்லியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி சொல்றேன்.

டாக்டரம்மா பேரு எஸ்தர். எழுபது வயசு இருக்கும். வத்தலா, உசரமா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. மயக்க ஊசி டாக்டராம். முப்பது வருசமா கோத்தகிரிக்கும் கோயமுத்தூருக்கும் அவங்களே ஓட்டிக்கிட்டு போயிட்டு வந்திருக்காங்க. இப்ப கண்ணுல ஏதோ கோளாறு, நடுப்பார்வை மங்குதாம், இனிமே ஓட்டக் கூடாதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்களாம்.

வண்டியைப் பார்த்தேன் தம்பி. கருநீலம். பனி பட்டு நின்னுட்டு இருந்துச்சு. இதுதான்டான்னு மனசு சொல்லிருச்சு. ஆனா அதை மூஞ்சியில காட்டக் கூடாதில்லைங்க. வாங்கறவன் வண்டியைப் பார்த்து மயங்கிட்டான்னு தெரிஞ்சா வெலை எறங்காது. நான் சுத்திச் சுத்தி வந்து, "டயரு போயிருச்சு, கலரு மங்கியிருக்கு, இந்த மாடலை இப்ப எவன் எடுக்கறான்"னு ஒவ்வொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சேன். அந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க: "இடது பக்கம் பின்கதவு ஒரிஜினல் இல்லை. காட்டெருமை முட்டியது. ஏ.சி. சில நாள் சத்தம் போடும். போன வருஷம் தண்ணி பம்ப் மாத்தினேன். வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை."

உங்களுக்கு என்ன தோணுது? இப்படித் தானா வந்து கொறை சொல்றவங்களைத்தான் தம்பி நம்பவே கூடாது. சின்னதைச் சொல்லிப் பெருசை மறைக்கிற வேலை. நான் மீட்டரை எடுத்து ஒவ்வொரு கதவா வச்சுப் பார்த்தேன். அந்த ஒரு கதவைத் தவிர எல்லாம் ஒரிஜினல். ஸ்கேனரைப் போட்டேன். ஒண்ணுமில்லை. பெல்ட்டை இழுத்தேன். சுத்தம். எனக்கு இன்னும் சந்தேகம் கூடிப்போச்சு. "ஏம்மா, கம்பெனியில சர்வீஸ் பண்ணுனதா, இல்லை கண்டவன்கிட்ட விட்டீங்களா? பொம்பளைங்களுக்கு மெக்கானிக்கு ஏமாத்துனாலும் தெரியாதே"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அந்தம்மா வளர்மதியைப் பார்த்து, "நீங்க டீ குடிக்கிறீங்களா?"ன்னாங்க. "அவ டீ குடிக்க மாட்டா"ன்னு நான் சொன்னேன். "அவங்களைக் கேட்டேன்"னாங்க. வளர்மதி, "குடிக்கறனுங்க டாக்டரம்மா"ன்னா. பாருங்க. வீட்டுல காபிதான் போடுவா. எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஓட்டிப் பார்க்கணும்னேன். சாவியைக் குடுத்தாங்க. நான் முன்னாடி, வளர்மதி பக்கத்துல, அந்தம்மா பின்னாடி. கோடநாடு போற ரோடு. ரெண்டு பக்கமும் தேயிலை. எத்தனை மாசம் காத்திருந்தேன், தம்பி, அந்த ஒரு அமுத்துக்கு. கேட்டைத் தாண்டுன ஒடனே அமுத்துனேன். அடேயப்பா. வண்டி எகிறிருச்சு. வளைவு வந்துச்சு, பிரேக்கை மிதிச்சேன், டயரு கத்துச்சு, என்னமோ ஒரு மஞ்ச லைட்டு மினுக்மினுக்குன்னுச்சு. அடுத்த வளைவுலயும் அப்படித்தான். எதிர்ல ஒரு பால் வண்டிக்காரன் ஓரமா ஒதுங்கித் திட்டுனான். பெர்பார்மன்ஸ் வண்டின்னா அப்படித்தானுங்களே ஓட்டிப் பார்க்கணும்? மெதுவா ஓட்டிப் பார்க்கறதுக்கு எதுக்கு ஆறு சிலிண்டரு?

பின்னாடியிருந்து அந்தம்மா, "மிஸ்டர் குழந்தைவேலு, நிறுத்துங்க"ன்னாங்க. சத்தம் போடல. ஆசுபத்திரியில எண்ணச் சொல்லி ஊசி போடுவாங்களே, அந்தக் கொரல். கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு. ஓரமா நிறுத்துனேன். அந்தம்மா எறங்கி முன்பக்கம் வந்து வளர்மதியோட கதவைத் திறந்து, "நீங்க ஓட்டுறீங்களா?"ன்னு கேட்டாங்க.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதுங்க"ன்னு நான் சொன்னேன்.

"தெரியுமுங்க"ன்னா வளர்மதி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கல. பையைத் திறந்து, பர்சுல இருந்து லைசென்சை எடுத்து அந்தம்மாகிட்ட குடுத்தா. "கலியாணத்துக்கு முந்தியே எடுத்ததுங்க. எங்க அப்பா ஜீப்புல சொல்லிக் குடுத்தாரு. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப நான்தான் கோயமுத்தூருக்கு ஓட்டிட்டுப் போனேன். போன வருசம் புதுப்பிச்சனுங்க."

இருபத்தெட்டு வருசம் தம்பி. இருபத்தெட்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான் கேட்டேன், இத்தனை வருசம் ஓட்டாதவ இப்ப மலையில ஓட்டுவியான்னு. "நீங்க ஸ்கூட்டர்ல கடைக்குப் போன பின்னாடி நம்ம சின்ன வண்டியை அப்பப்ப எடுப்பனுங்க. மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு. ரெண்டு தடவை திருச்செங்கோடுகூடப் போயிட்டு வந்தேன்"ங்கறா. அந்த டாக்டரம்மா முன்னாடி சொல்றா. என் வண்டி. அதுல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு யாருங்க தினம் போய்ப் பார்த்துட்டு இருக்காங்க?

கட்டுன பொண்டாட்டியே இப்படி மறைச்சா, புரோக்கரைச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்கு அப்பவே மனசு விட்டுப்போச்சு. எறங்கிப் பின்சீட்டுல போய் உக்காந்தேன். அந்தம்மா முன்னாடி அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. "இது ஆட்டோமேட்டிக், இடது காலுக்கு வேலை இல்லை, அதை மறந்துடுங்க"ன்னு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்க. வளர்மதி சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கண்ணாடியைத் திருப்பிச் சரி பண்ணிக்கிட்டு, எடுத்தா.

எப்படி ஓட்டுனான்னு கேக்கறீங்களா? ஓட்டுனா. என்ன சொல்றது. சத்தமே இல்லை. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சு, திரும்பி முடிஞ்சப்புறம் கொஞ்சங்கொஞ்சமா அமுத்துனா. அந்த டயரு ஒரு தடவைகூட வாயைத் திறக்கல. ஒரு எடத்துல நேரா ரோடு கெடச்சுது. அந்தம்மா, "இப்ப"ன்னாங்க. வளர்மதி அமுத்துனா. என் முதுகு சீட்டுல போய் ஒட்டுச்சு. கண்ணாடியில அவ மூஞ்சி தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டு இருந்தா. வாயை மூடிக்கிட்டு, சின்னப் புள்ளை மாதிரி. அந்தச் சிரிப்பை நான் வீட்டுல பார்த்ததில்லைங்க. அந்தம்மாவும் அவளும் ரொம்ப நாள் பழக்கம் மாதிரி ஜீப்பைப் பத்தியும் கியரைப் பத்தியும் பேசிக்கிட்டே போறாங்க. நான் ஒருத்தன் பின்னாடி இருக்கறதே அவங்களுக்கு ஞாபகமில்லை.

அப்பத்தான் எனக்கு வயித்தைப் பெரட்டுச்சு. வளைவுனால இல்லைங்க, அந்த மேட்டுப்பாளையத்து இட்லி. சட்னி ஊசிப்போனது. நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை, அவ கண்ணாடியில பார்த்துட்டு ஓரமா நிறுத்திட்டா. எறங்கி வந்து முதுகைத் தடவிவிட்டா, தண்ணி குடுத்தா. தேயிலைச் செடிக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறேன் நான். டாக்டரம்மா தூரமா நின்னு மலையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எத்தனை கேவலம் பாருங்க.

வீட்டுக்குத் திரும்பி வந்தோம். நான் வெலை பேச ஆரம்பிச்சேன். கதவு ஒரிஜினல் இல்லை, ஏ.சி. சத்தம், அது இதுன்னு கொறைச்சுக் கேட்டேன். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "உங்களுக்கு விற்க எனக்கு மனசில்லை. கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டியை ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுத்து, நாளைக்கு ஒரு செய்தி வந்தால் நான் தாங்க மாட்டேன். வளர்மதி எடுத்துக்கிறதா இருந்தால், அவங்க பேர்ல மாத்தித் தர்றேன். அவங்க சொல்ற வெலைக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? காசு குடுத்து வாங்க வந்தவனைப் பார்த்து, நீ லாயக்கில்லைங்கறாங்க. நான் எந்திரிச்சேன். "வாடி போலாம்"னேன். வேற பொம்பளையா இருந்தா எந்திரிச்சிருப்பா. இவ டீ டம்ளரைக் கீழ வச்சுட்டு, "நான் எடுத்துக்கறனுங்க டாக்டரம்மா"ன்னா. இவ அப்பா தோட்டம் வித்த பங்கு பேங்க்குல கெடந்துச்சு. கடைக்குக் கேட்டு வச்சிருந்தேன் நான், தர்றேன் தர்றேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. கடைசியில அதுதான் போச்சு. வெலையையும் பாருங்க, அந்தம்மா மொதல்ல சொன்ன வெலையையே இவளும் சொன்னா. ஒரு ரூபா கொறைக்கல. பேரம் பேசத் தெரியாத ஜென்மம்.

மலை எறங்கறப்ப அந்தச் சின்ன வண்டியை நான் ஓட்டிக்கிட்டு வந்தேன். குன்னத்தூர்கிட்ட வரப்ப, "கோவமுங்களா?"ன்னா. நான் முன்னாடி போன லாரிக்கு ஹாரன் அடிச்சேன். "வண்டி நம்ம வண்டிதானுங்க. நீங்க ஓட்டுங்க, நான் சொல்லித் தர்றேன்"னா. சொல்லித் தர்றாளாம். எனக்கு. அன்னைக்கு நான் அந்த ஸ்டியரிங்கை எப்படிப் பிடிச்சிருந்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

பேரு மாத்துன பின்னாடி அவ கோத்தகிரி போய், கலையரசியைத் துணைக்கு வச்சுக்கிட்டு வண்டியைக் கொண்டாந்தா. என்னையும் கூப்பிட்டா, நான் போகல. மறுநாளே நான் சின்ன வண்டியை வித்துட்டேன். ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு வண்டி? நான் பஸ்ஸுக்கு நடந்து போறதை நாலு பேரு பார்த்தாவாவது அவளுக்கு உறைக்கும்னு நினைச்சேன். ஒரு வாத்தியாரு வந்து வாங்கிட்டுப் போனாரு. சிங்கிள் ஹேண்டு, நான் மட்டுந்தான் ஓட்டுனதுன்னு சொன்னேன். மூணாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும், அதை அவரு கேக்கல, நான் சொல்லல. கேட்டாத்தானுங்களே சொல்றது. வாங்கறவங்களுக்கும் கொஞ்சம் விவரம் வேணுமில்லைங்க.

இல்லைங்க, ஒரு நாளும் நான் அந்த வண்டியில ஏறல. அதுல ஏறுனா அந்த டாக்டரம்மா சொன்னது சரின்னு ஆயிருமே. ஒரு தடவை, அவ வீட்டுல இல்லாதப்போ, பானெட்டை மட்டும் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். ஏ.சி. சத்தம் போடுதான்னு பார்க்க ஒரு தடவை உள்ளே உக்காந்தேன், அது ஏறுன கணக்கு இல்லை. சத்தம் போடல.

அவ ஒவ்வொரு தடவை வெளிய கெளம்பறப்பவும் கேப்பா. "வர்றீங்களா?"ன்னு. சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு கேப்பா. நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டு வரலைம்பேன். சரிங்கன்னு போயிருவா. இந்த மாசம் எத்தனை தடவை கேட்டிருப்பா. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, கொரல்ல ஒரு கோவமும் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோவப்பட்டாலாவது திருப்பிக் கோவப்படலாம்.

இன்னைக்கு அவ அண்ணன் வீட்டு விசேசம். மாமனார் வீட்டு ஆளுங்க எல்லாம் இருப்பாங்க. பொண்டாட்டி தனியா வண்டியில வந்து எறங்கி, புருசன் பஸ்ல வந்தா என்ன பேசுவாங்க? அவளுக்காகத்தான் யோசிச்சேன், எனக்காக இல்லை. அதனால ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். காலையில அவ கேப்பா. மொதல்ல வரலைம்பேன். ரெண்டாவது கேட்டா யோசிக்கறேன்ம்பேன். மூணாவது கேட்டா, சரி, அண்ணன் வீட்டு விசேசமாப் போச்சேன்னு ஏறிக்கலாம். முன்சீட்டுல. குளிச்சு, இந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, பேப்பரை எடுத்துக்கிட்டு ஹால்ல உக்காந்தேன்.

அவ பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்தா. சீர்த்தட்டை எடுத்துக்கிட்டுப் போய் டிக்கியில வச்சா. திரும்பி வந்து தேங்காய் பழத்தை எடுத்துட்டுப் போனா. நான் பேப்பர்ல ஒரே பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணாவது தடவை உள்ளே வந்தா. இப்பக் கேப்பான்னு நான் தொண்டையைச் செருமிக்கிட்டேன். சமையக்கட்டுக்குப் போய், கேஸை மூடிட்டு, "இட்லி மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுருங்க"ன்னா. வாசப்படியில செருப்பைப் போட்டா. கேட்டு திறக்கற சத்தம் கேட்டுச்சு. வண்டி எடுத்தா. அது ஒண்ணும் பெரிசாச் சத்தம் போடாது தம்பி, உறுமற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை.

கேக்கல.

மறந்திருப்பாங்கறீங்களா? அவ எதையும் மறக்கற ஆளு இல்லைங்க. நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்து பார்த்தப்போ வீதி காலியாக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு, "அம்மா மட்டும் போறாங்களா?"ன்னு கேட்டாரு. எனக்குக் கடையில வேலை இருக்கு, பின்னாடி வர்றேன்னு சொல்லிட்டு உள்ளே வந்துட்டேன். கேட்டிருந்தா மட்டும் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். மூணு தடவை கேட்டாலும் போயிருக்க மாட்டேன். ஆனா கேக்கணுமில்லைங்க. கேக்கறது அவ கடமை இல்லைங்களா?

போன் பண்ணுனேனாங்கறீங்களா? நான் எதுக்குங்க பண்ணணும். அவ போன்லயும் கூப்பிடல. பார்த்தேன், கூப்பிடல.

காதுகுத்து நடக்கற மண்டபம் பஸ் ஸ்டாண்டுல இருந்து பக்கந்தான். நடந்துருவேன். வாசல்ல, நிழலாப் பார்த்து நிறுத்தியிருப்பா, அந்தக் கருநீலத்தை. சொந்தக்காரனுக எல்லாம் சுத்தி நின்னு பார்த்துக்கிட்டு இருப்பானுக. எவனாவது ஒருத்தன் என்னைப் பார்த்து, மாப்பிள்ளை, இதைத் தேடிப் புடிக்க நீங்க எத்தனை அலைஞ்சிருப்பீங்கன்னு கேப்பான். நான் அவனுக்கு என்னத்தைச் சொல்ல?